மொட்டை மாடியில் 14 சாட்டிலைட், ஆனாலும் ட்ரோன் அடுத்த தெருவில் இறங்கப் பார்க்கிறது

மாடிப்பறவை — சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மச்சான் ஒரு வருடமாகப் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்த 249 கிராம் ட்ரோன் இப்போது என் கையில். தனி ரிமோட் கிடையாது. போன் திரையில் இரண்டு வட்டம் வரும், கட்டைவிரலால் தள்ளி ஓட்ட வேண்டும். ட்ரோனே ஒரு வைஃபை விடுகிறது, போன் அதில் சேர்ந்துகொள்கிறது.

இன்று மாலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் வைத்துக் கிளப்பினேன். போன் மேப்பில் என் வீடு துல்லியமாக விழுகிறது, படிக்கட்டு எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லிவிடலாம். ட்ரோன் ஆப்பில் பச்சை விளக்கு வந்தது, மேலே போனதும் சாட்டிலைட் 14 என்று காட்டியது. ஐந்து மீட்டர் உயரத்தில் நிறுத்தினேன், நிற்கவில்லை. முதலில் சின்ன வட்டம், அப்புறம் பெரிய வட்டம், செக்கு மாடு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. பயந்துபோய் 'வீட்டுக்குத் திரும்பு' பட்டனை அழுத்தினால், என் தலைக்கு மேலேயே தாண்டி அடுத்த தெருப் பக்கம் போய் ஒரு தென்னை மட்டையில் சொருகிக்கொண்டது. மரத்துக்காரப் பாட்டி ஆள் வரவைத்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு இறக்கை போச்சு.

ஜிபிஎஸ் சிப் பழுதா? மாற்ற முடியுமா?

---

சாலைப்புறா — சனி, இரவு 9.30

காம்பஸ் காலிபரேட் (ட்ரோனைச் சுற்றிக் காட்டி அதன் திசைகாட்டியைச் சரிப்படுத்துவது) செய்தீர்களா? அதைச் செய்யாமல் பறந்தால் இப்படித்தான்.

---

மாடிப்பறவை — சனி, இரவு 9.34

செய்தேன் அண்ணே. மாடியிலேயே மூன்று தடவை. படுக்க வைத்து ஒரு சுற்று, நிமிர்த்தி ஒரு சுற்று. ஒவ்வொரு தடவையும் 'வெற்றி' என்றுதான் வந்தது.

---

பழைய_ரேடியோ — சனி, இரவு 10.05

தம்பி, அந்த மூன்று தடவைதான் வினையே.

வட்டம் அடிப்பதற்கு ஜிபிஎஸ் சிப்பைக் குறை சொல்லாதீர்கள். எங்கே இருக்கிறோம் என்பதைத்தான் ஜிபிஎஸ் சொல்லும், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதைச் சொல்லாது. அசையாமல் நிற்கும் ட்ரோனுக்குத் திசை சொல்வது உள்ளே இருக்கும் காந்த சென்சார், அதாவது காம்பஸ். காற்று ட்ரோனை ஒரு மீட்டர் கிழக்கே தள்ளுகிறது என்று வையுங்கள். ஜிபிஎஸ் 'ஒரு மீட்டர் மேற்கே வா' என்கிறது. காம்பஸ் 60 பாகை தப்பாகக் காட்டினால், அது மேற்கு என்று நினைத்துப் போகிற பக்கம் வேறு. போன பிறகு மறுபடி கணக்குப் போடும், மறுபடி கோணலாகப் போகும். இப்படியே திருத்தித் திருத்தி வட்டமாகிவிடுகிறது. பிழை கூடக் கூட வட்டம் பெரிதாகும். 90 பாகையைத் தாண்டினால் வீட்டுப் பக்கம் வருவதாக நினைத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் ஓடும்.

மொட்டை மாடித் தளத்துக்குள் என்ன இருக்கிறது? அரை அடிக்கு ஒரு கம்பி, குறுக்கும் நெடுக்கும். அந்தக் கம்பிகளுக்கு மேலே உட்கார்ந்து காலிபரேட் செய்தால், கம்பியின் காந்தத்தையும் பூமியின் காந்தம் என்றே கணக்கில் எழுதிக்கொள்ளும். தரையில் சரியாக இருப்பது போலத் தெரியும். ஐந்து மீட்டர் மேலே போனதும் கம்பி இல்லை, ஆனால் கணக்கில் கம்பி இருக்கிறது. புரிகிறதா?

'ஒவ்வொரு தடவையும் காலிபரேட் செய்' என்று இங்கே பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஊர் விட்டு ஊர் போனால், விழுந்து அடிபட்டால், ஆப் கேட்டால் செய்யுங்கள். திறந்த மண் தரையில் செய்யுங்கள், இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல்.

---

சாலைப்புறா — சனி, இரவு 10.20

சரி, நான் ஒவ்வொரு தடவையும் செய்கிறவன்தான், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் பறப்பது கண்மாய்க் கரையில். அதனால்தான் ஆகவில்லை போல.

---

மாடிப்பறவை — சனி, இரவு 10.41

கம்பி இவ்வளவு படுத்துமா? நம்ப முடியவில்லை. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

---

பழைய_ரேடியோ — சனி, இரவு 10.50

கையில் போன் இருக்கிறதே. காந்தப் புலத்தை மைக்ரோடெஸ்லாவில் காட்டும் சென்சார் ஆப் ஏதாவது ஒன்று போடுங்கள். நம் பக்கம் பூமியின் புலம் ஏறத்தாழ 40. போனை முதலில் காற்றில் எட்டுப் போட்டுச் சுழற்றிவிட்டு, தோள் உயரத்தில் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் தளத்தை ஒட்டி வைத்து நாலு அடி நடங்கள். எண் எப்படி ஆடுகிறது என்று நீங்களே பாருங்கள். போன் உறையில் காந்தப் பூட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் உறையைத்தான் அளப்பீர்கள்.

---

கொரட்டூர்க்காரன் — ஞாயிறு, காலை 7.15

யாரும் சூரியப் புயலைப் பற்றிப் பேசவில்லையே? கேபி எண் (பூமியின் காந்தப் புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் அளவு) 5-க்கு மேல் போனால் ஜிபிஎஸ் தடுமாறும். 2024 மே 10, 11-ல் கேபி 9 வரை போனது, லடாக்கில்கூட வானம் சிவந்தது, ஞாபகம் இருக்கிறதா? நான் கேபி பார்க்காமல் ட்ரோனை வெளியே எடுப்பதே இல்லை.

---

வெண்மேகம் — ஞாயிறு, காலை 8.02

கேபி பார்ப்பது தப்பில்லை. ஆனால் அந்தப் பழக்கம் பெரும்பாலும் வடதுருவத்துப் பக்கம் இருப்பவர்கள் எழுதியதைப் படித்து வந்தது. கேள்வி கேட்டவர் இருப்பது திருநெல்வேலிச் சீமை, காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப் புலம் தரைக்குக் கிடையாக ஓடும் கோடு) பக்கம். 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை தும்பாவிலிருந்து விட்டதற்கே அந்தக் கோடுதான் காரணம். கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதற்காகத்தான் (நான் இயற்பியல் பாடம் எடுக்கிறவள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்).

இந்தப் பக்கத்துக்கு என்று ஒரு தொல்லை உண்டு. சூரியன் மறைந்த பிறகு மேலே அயனி மண்டலத்தில் (மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கு) அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பும். அவற்றின் ஊடே வரும் சாட்டிலைட் சிக்னல், அடுப்புக்கு மேலே தெரியும் சுவர் மாதிரி நடுங்கும். இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை அதிகம், மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் இன்னும் அதிகம், சூரியனின் கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் கேட்கவே வேண்டாம். கேபி 1 என்று அமைதியாக இருக்கிற இரவிலும் இது வரும். ஆகவே நம் ஊரில் கேபியைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பது மேல்.

ஆனால் இவர் பறந்தது மாலை நாலு மணிக்கு. அதனால் சூரியன் மேல் பழி போட முடியாது.

---

கொரட்டூர்க்காரன் — ஞாயிறு, காலை 8.20

அக்கா, இது எனக்குப் புதுச் செய்தி. ராத்திரி கோயில் கொடை எடுக்கப் போய் 12 சாட்டிலைட் ஆறாகி, ஆறு பதினொன்றாகி ஆடியதற்கு நான் சீரியல் விளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

---

மூன்று_இறக்கை — ஞாயிறு, காலை 10.30

சாட்டிலைட் எண்ணிக்கை குறைவாக வருகிறவர்களுக்கு என் கதை. இரண்டு வாரம் நாலு, ஐந்துக்கு மேல் ஏறவே இல்லை. உயரத்தோடு சேர்த்து இடத்தைக் கணக்குப் போடவே குறைந்தது நாலு வேண்டும், ஆக விளிம்பில்தான் பறந்துகொண்டிருந்தேன். சர்வீஸ் கடைக்காரர் போர்டு மாற்றணும் என்று மூவாயிரம் கேட்டார். கடைசியில் பார்த்தால், என் பையன் ட்ரோன் முதுகில் பளபள வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான், சரியாக ஆன்டெனாவுக்கு மேலே. உரித்தேன். வெட்ட வெளியில் 15 வந்தது.

---

பழைய_ரேடியோ — ஞாயிறு, காலை 10.52

அருமை. அந்த ஸ்டிக்கர் எதை மறைத்தது என்று யோசியுங்கள். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிற சிக்னல், தரைக்கு வரும்போது ஒரு வாட்டை நூறு கோடிக் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஜிகினாத் தாள் போதும் அதைத் தடுக்க. ட்ரோனுக்கு மேலே தனி கேமரா கட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நானே சேர்த்துக் கட்டிய ஒன்றில் கேமராவின் இரைச்சல் தாங்காமல் ஜிபிஎஸ் செத்துப்போனது. கேமராவைச் சுற்றிச் செப்பு டேப் ஒட்டி, ஜிபிஎஸ்ஸை ஒரு குச்சி வைத்து மேலே தூக்கிய பிறகுதான் உயிர் வந்தது.

---

மாடிப்பறவை — ஞாயிறு, பகல் 12.40

மைக்ரோடெஸ்லா பார்த்துவிட்டேன். தோள் உயரத்தில் 41. தளத்தில் போனை வைத்து நகர்த்தினால் 33, 58, ஒரு இடத்தில் 74. அந்த 74 இருக்கிற இடத்தில்தான் நான் காலிபரேட் செய்தது, கீழே பீம் ஓடுகிறது. சாமி, வட்டம் அடித்ததற்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் அடுத்த தெருவுக்கு ஏன் போனது? காம்பஸ் பிழை என்றால் தறிகெட்டு ஓடியிருக்க வேண்டும். இது நேர்கோடு மாதிரிதான் போனது, கொஞ்சம் வளைந்து வளைந்து, எங்கேயோ போக வேண்டும் என்று தெரிந்த மாதிரி. ஆப்பில் இருந்த பதிவைத் தட்டச்சு செய்கிறேன்:

0 நிமிடம் 00 நொடி: சாட்டிலைட் 9, வீட்டிலிருந்து தூரம் 0 மீட்டர்
0.38: சாட்டிலைட் 14, தூரம் 3 மீட்டர்
0.41: சாட்டிலைட் 14, தூரம் 143 மீட்டர்
1.05: திரும்பு பட்டன்
1.27: பதிவு முடிந்தது (தென்னை)

---

பழைய_ரேடியோ — ஞாயிறு, பகல் 1.10

இது எதிரொலி. படிக்கட்டு அறைச் சுவர், தண்ணீர் டேங்க், பக்கத்து வீட்டு உயரம் எல்லாவற்றிலும் சிக்னல் பட்டுத் திரும்பி வந்தால் தூரக் கணக்கு தப்பும். சாட்டிலைட் 14 என்றாலும் எல்லாம் தலைக்கு மேலே ஒரே கொத்தாக இருந்தால் பயன் இல்லை, நாலா பக்கமும் பரவியிருக்க வேண்டும். ஆப்பில் எச்டிஓபி என்று ஓர் எண் இருந்தால் பாருங்கள், அந்தப் பரவல் எப்படி என்று சொல்வது அதுதான், 2-க்குக் கீழே இருந்தால் நல்லது.

---

வரிவரியாய் — ஞாயிறு, பகல் 2.25

அண்ணாச்சி, மன்னிக்கணும், இந்த ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. எதிரொலியில் பத்து மீட்டர், இருபது மீட்டர் தள்ளும், ஒப்புக்கொள்கிறேன். வெட்ட வெளிபோல ஐந்து மீட்டர் உயரத்தில், 14 சாட்டிலைட்டோடு, மூன்றே நொடியில் 140 மீட்டரா? அப்படித் தாவியிருந்தால் ட்ரோன் அந்த நொடியே தன் இடத்தைத் திருத்தப் பாய்ந்திருக்கும். அவர் திரும்பு பட்டனை அழுத்தும்வரை அது சும்மா வட்டம்தானே அடித்தது.

பதிவில் இருப்பது ட்ரோனின் இடம் இல்லை, வீட்டிலிருந்து தூரம். ட்ரோன் நகராமல் அந்த எண் மாறினால், நகர்ந்தது வீடு!

மாடிப்பறவைக்கு மூன்று கேள்வி. ஆப் அமைப்பில் 'போன் இருக்கும் இடமே வீடு' அல்லது அதைப்போல ஏதாவது தேர்வு இருக்கிறதா? ட்ரோன் ஆப்பிலேயே மேப் பார்த்தீர்களா, வேறு மேப் ஆப்பிலா? ட்ரோன் ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுக்கும்போது எதைத் தொட்டீர்கள்? (ஆப் எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் புத்தி அங்கேயே போகிறது.)

---

மாடிப்பறவை — ஞாயிறு, பகல் 2.58

1. இருக்கிறது. அதை ஆன் செய்தேன். நான் நடந்தால் வீடும் கூடவே வரும் என்று போட்டிருந்தது, நல்லதுதானே என்று நினைத்தேன்.
2. வீடு துல்லியமாகத் தெரிந்தது வழக்கமான மேப் ஆப்பில். ட்ரோன் ஆப்பில் மேப் வெறும் சாம்பல் கட்டம். வைஃபை ட்ரோனோடு போய்விடுவதால் இன்டர்நெட் இல்லை.
3. இது கொஞ்சம் வெட்கம். ஆப் காண்டாக்ட், மைக் எல்லாம் கேட்டது. இவனுக்கு எதற்கு என்று எரிச்சல் வந்து, இருப்பிடத்துக்கு 'தோராயமாக' என்பதைத் தொட்டேன்.

---

வரிவரியாய் — ஞாயிறு, பகல் 3.06

மாட்டிக்கொண்டது.

ஆண்ட்ராய்டு 12-லிருந்து (2021) துல்லியம், தோராயம் என்று இரண்டு விதமாகக் கேட்கும். ஐபோனில் அதற்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது. அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. உங்கள் மேப் ஆப்புக்குத் துல்லியம் கொடுத்திருக்கிறீர்கள், அது வாசற்படியைக் காட்டும். ட்ரோன் ஆப்புக்குத் தோராயம், அதற்கு ஆண்ட்ராய்டு சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் கொடுக்கும். உங்களுக்கு 143 மீட்டரோடு போனது அதிர்ஷ்டம். தாமிரபரணிக்கு நடுவில்கூட விழுந்திருக்கலாம்.

கிளம்பும்போது ட்ரோன் தன் ஜிபிஎஸ் சொன்ன இடத்தை வீடு என்று ஒழுங்காகக் குறித்தது, அதனால்தான் தூரம் 0. நாற்பத்தோராவது நொடியில் போனின் தோராயப் புள்ளி போய்ச் சேர்ந்தது. வீடு இடம் மாறியது. நீங்கள் பட்டனை அழுத்தியதும், அது சொன்ன பேச்சைக் கேட்டுப் புது வீட்டுக்குப் போனது. ஜிபிஎஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இதில் மாட்டுகிற எல்லோருமே நினைப்பது ஒன்றுதான்: போனில் இடம் சரியாகத் தெரிகிறது, ஆகவே ட்ரோனுக்கும் தெரியும். இரண்டும் வேறு வேறு ரிசீவர். போனுக்கு மொபைல் நெட்வொர்க்கே சாட்டிலைட் விவரங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிடும், அதனால் சில நொடிகளில் நீலப் புள்ளி வந்துவிடுகிறது. ட்ரோனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு சாட்டிலைட்டின் பாதை விவரத்தையும் வானத்திலிருந்தே கேட்டு வாங்க வேண்டும், தடையில்லாமல் கேட்டாலே அரை நிமிடம். ஒரு வருடம் பெட்டியில் கிடந்தது என்றால் எல்லாவற்றையும் மறந்திருக்கும். சாட்டிலைட்டுகள் எங்கெங்கே இருக்கும் என்கிற மொத்தப் பட்டியல் முழுசாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும்.

---

மூன்று_இறக்கை — ஞாயிறு, பகல் 3.30

12 நிமிடமா! என் பேட்டரியே 14 நிமிடம்தான் நிற்கும்.

---

வரிவரியாய் — ஞாயிறு, பகல் 3.38

முழுப் பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, நாலைந்து சாட்டிலைட் பிடித்தாலே இடம் சொல்ல ஆரம்பிக்கும். ஆனால் ரொம்ப நாள் கழித்து எடுத்தால் முதல் பேட்டரியைத் தியாகம் செய்துவிடுங்கள். இறக்கையைக் கழற்றி, திறந்த வெளியில் நிழலாகப் பார்த்து, ஆன் செய்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த பேட்டரிக்குச் சட்டென்று பிடிக்கும்.

இன்னொன்று. இன்டர்நெட் இல்லாத வைஃபை என்று கண்டுபிடித்து, போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ட்ரோன் கைவிட்டுப் போகும். பறக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். மேப் வேண்டுமானால் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ட்ரோன் ஆப்பைத் திறந்து அந்த இடத்தை ஒரு தடவை பார்த்து வைத்தால், பல ஆப்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்.

---

பழைய_ரேடியோ — ஞாயிறு, மாலை 4.15

ஒப்புக்கொள்கிறேன் தம்பி, எதிரொலி என்று நான் சொன்னது தப்பு. தூரம் தாவியதைப் பார்த்தேன், எது தாவியது என்று யோசிக்கவில்லை. நாற்பது வருடமாக ஆன்டெனாவோடு மல்லுக்கட்டினால் எல்லாப் பழியையும் ரேடியோ மேலேயே போடத் தோன்றுகிறது.

மாடிப்பறவை, ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பு பட்டன் என்பது ஜிபிஎஸ், காம்பஸ் இரண்டையும் நம்பி ஓடுகிற வண்டி. ட்ரோன் வட்டம் அடிக்கும்போது அந்த இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று அர்த்தம், அப்போது போய் அந்தப் பட்டனை அழுத்தலாமா? உயரத்தைக் குறைத்து அப்படியே இறக்குங்கள். திரும்பும் உயரம் எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

---

மாடிப்பறவை — ஞாயிறு, மாலை 4.22

15 மீட்டர் அண்ணாச்சி. ஆப்பில் வந்தபடியே விட்டுவிட்டேன்.

---

பழைய_ரேடியோ — ஞாயிறு, மாலை 4.26

நன்றாக வளர்ந்த தென்னை 20 மீட்டரைத் தாண்டும். அந்த 15 எந்த ஊர் மரத்தைப் பார்த்து வைத்தார்களோ. உங்கள் சுற்றுவட்டத்தில் எது உயரமோ அதற்கு மேலே பத்து மீட்டர் சேர்த்து வையுங்கள்.

---

நெறியாளர் — ஞாயிறு, மாலை 6.00

உயரத்தைக் கூட்டுங்கள் என்று பேச்சு போவதால் ஒரு வரி. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதி) 400 அடி (120 மீட்டர்) வரைதான். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள இடத்தில் அது 200 அடி. 250 கிராம் வரை உள்ள நானோவுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம், அதற்காக எங்கும் பறக்கலாம் என்று ஆகாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறம் என்று பார்த்துவிட்டுக் கிளப்புங்கள்.

---

சாலைப்புறா — ஞாயிறு, மாலை 6.40

கண்மாய் என்று சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தண்ணீருக்கு மேலே தாழப் பறந்தால் என் ட்ரோன் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். ஜிபிஎஸ் போய்விட்டது என்று நினைத்தேன். அடியில் இருக்கும் சின்ன கேமரா தரையைப் பார்த்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அலை நகர்ந்தால் தரையே நகர்கிறது என்று எண்ணி அதன் பின்னாலேயே போகிறது. மூன்று நாலு மீட்டர் மேலே தூக்கினால் சரியாகிவிடுகிறது.

---

மாடிப்பறவை — திங்கள், இரவு 8.10

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊருக்கு வெளியே மண் மைதானத்தில் போய்ப் பார்த்தேன். சாவி, பெல்ட் எல்லாவற்றையும் பைக்கில் வைத்துவிட்டு, பைக்கையும் முப்பது அடி தள்ளி நிறுத்திவிட்டுக் காலிபரேட் செய்தேன். அனுமதியைத் துல்லியம் என்று மாற்றினேன், பறக்கும்போது மட்டும். 'போன்தான் வீடு' என்பதை அணைத்தேன். மொபைல் டேட்டா அணைப்பு. திரும்பும் உயரம் 35.

ட்ரோனை ஆன் செய்து நாலு நிமிடம் தொடவே இல்லை. 16 சாட்டிலைட். இரண்டு மீட்டர் உயரத்தில் அரை நிமிடம் நிறுத்திப் பார்த்தேன், ஆணி அடித்த மாதிரி நின்றது. எண்பது மீட்டர் தள்ளிப் போய், கையெல்லாம் வேர்க்க, திரும்பு பட்டனை அழுத்தினேன். 35-க்கு ஏறி, நேராக வந்து, கிளம்பிய இடத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் இறங்கியது. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள், நான் ஏதோ என் திறமை மாதிரி நின்றுகொண்டேன்.

ஒட்டு போட்ட இறக்கையில்தான் பறந்தேன், லேசாக அதிர்கிறது. இந்த மாடலுக்கு இறக்கை எங்கும் கிடைக்கவில்லை.

---

மூன்று_இறக்கை — திங்கள், இரவு 8.31

ஒட்டு போட்டதில் இனிமேல் பறக்காதீர்கள், நடுவானில் பிய்ந்தால் எந்தப் பட்டனும் உதவாது. அளவு என்ன, மடங்குகிற இறக்கையா? என்னிடம் ஒரு ஜோடி உபரியாகக் கிடக்கிறது, பொருந்தும் என்றால் தனிச் செய்தியில் முகவரி அனுப்புங்கள்.

---

மாடிப்பறவை — திங்கள், இரவு 8.35

மடங்குகிறதுதான். அளந்து சொல்கிறேன் அண்ணே.